படிக்கிற பெரியம்மா

ஆப்பரேட்டர்: பேச்ச மாத்தாதீங்க வக்கீலம்மா. பெரியம்மா எங்க?

வக்கீல்: லீவுண்ணே. முதல்ல உக்காருங்க... நாற்காலி வலது கைப் பக்கம். கம்ப இப்படிக் குடுங்க. கேஸ் ஜெயிச்சாச்சு, திங்கக்கிழமை பழையபடி ஆஃபீஸ் டெலிபோன் ஸ்விட்ச்போர்டுல உக்காரப் போறீங்க. வீட்டுக்குப் போய் அக்காகிட்டச் சொல்லாம இங்க வந்து...

ஆப்பரேட்டர்: போன்ல சொல்லிட்டேன். அழுதா. அப்புறம் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பிச்சுட்டா, இப்பவே! ...பெரியம்மாவுக்கு ஒரு மஃப்ளர் வாங்கிட்டு வந்தேன். கேஸ் கட்டு மொத்தத்தையும் படிச்சுப் படிச்சுப் பதிவு பண்ணி அனுப்புனவங்க. பாவம், என்ன இருமல்!

வக்கீல்: குடுங்க, நான் சேத்துடறேன்.

ஆப்பரேட்டர்: ம்ஹூம். என் கையாலதான்.

வக்கீல்: பிடிவாதம்! முதல் நாளும் இப்படித்தான். உள்ள வந்ததும் வராததுமா, "நீங்க படிச்சா நம்ப மாட்டேன்"னு என் மூஞ்சிக்கு நேரா...

ஆப்பரேட்டர்: சூடு கண்ட பூனைம்மா நான். மேனேஜர் "லீவு ஃபாரம்தான்யா, போடு கையெழுத்த"ன்னு படிச்சுக் காட்டினான். போட்டேன். அது ராஜினாமா! அதுக்கப்புறம் யார் படிச்சாலும்...

வக்கீல்: அதனாலதானே, கேஸுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெரியம்மாவப் பிடிச்சேன்.

ஆப்பரேட்டர்: நீங்க பிடிச்சீங்க. மத்தவங்க? ஒரு வக்கீல், "படிச்சுக் காட்ட ஆள் வெக்கணும்னா அதுக்குத் தனி ஃபீஸ்"ன்னார். அவர் முதல்ல கேட்ட ஃபீஸுக்கே அண்டா குண்டாவ வித்தாலும் பத்தாது. இன்னொருத்தர் என்கிட்டப் பேசவே இல்ல. "இவருக்கு என்ன பிரச்சினைம்மா?"ன்னு என் வீட்டுக்காரியக் கேட்டார்.

வக்கீல்: அக்கா என்ன சொன்னாங்க?

ஆப்பரேட்டர்: "இப்போதைக்கு நீங்கதான் சார்"னா.

வக்கீல்: அய்யோ! ...இலவச உதவி மையத்துக்கும் போனீங்கல்ல?

ஆப்பரேட்டர்: "விவரமெல்லாம் சுவத்துல ஒட்டியிருக்கு, பாத்துக்கங்க"ன்னாங்க. சரின்னு தடவிப் பாத்தேன். சுண்ணாம்புதான் கையில ஒட்டுச்சு.

வக்கீல்: சிரிக்கறதா அழறதான்னே தெரியலண்ணே...

ஆப்பரேட்டர்: சிரிங்க, இன்னைக்குச் சிரிக்கலாம். அப்ப, போதும்டா சாமின்னு எல்லாத்தையும் விட்டுடத்தான் இருந்தேன். வீட்டுல அவளுக்கு எழுத்து வராது. போன்ல படிக்கிற ஆப்பும் மேனேஜரோட கிறுக்கல் எழுத்தப் பாத்து முழிச்சுது. பெரியம்மா குரல் வந்தப்புறம்தான் என் கேஸ் என்னன்னு எனக்கே தெரிஞ்சுது. கோர்ட்ல நானே பதில் சொன்னேன்ல?

வக்கீல்: சொன்னீங்களே! ஜட்ஜே நிமிந்து உக்காந்துட்டாரு.

ஆப்பரேட்டர்: அதுக்குத்தான் நன்றி சொல்லணும். எங்க அம்மா இருந்திருந்தா கூட இவ்வளவு பொறுமையா படிச்சிருக்க மாட்டா. கூப்பிடுங்க அவங்கள.

வக்கீல்: அவங்க... ஊர்லயே இல்லண்ணே.

ஆப்பரேட்டர்: இப்பதான் லீவுன்னீங்க?

வக்கீல்: அதான்... லீவு போட்டு ஊருக்கு...

ஆப்பரேட்டர்: இந்த லட்சணத்துல பொய் சொல்லிக்கிட்டு எப்படித்தான் வக்கீலா இருக்கீங்களோ! ம்... கழுத்த நீட்டுங்க.

வக்கீல்: எதுக்கு?

ஆப்பரேட்டர்: மஃப்ளர் போட்டு விடத்தான். இருமலுக்கு.

வக்கீல்: ...அண்ணே.

ஆப்பரேட்டர்: இருபது வருஷமா மத்தவங்க குரலக் கேட்டே சோறு திங்கிறவன்மா நான்.

வக்கீல்: தப்பா எடுத்துக்காதீங்க. படிக்க ஆள் வெக்க எனக்கும் வசதி இல்ல. நான் படிச்சா நீங்க கேக்க மாட்டீங்க. அதான் கைக்குட்டைய வாயில பொத்திக்கிட்டு... எப்பத் தெரிஞ்சுது?

ஆப்பரேட்டர்: இரண்டாவது பதிவுலயே.

வக்கீல்: அப்ப இத்தன நாளும் தெரிஞ்சே கேட்டீங்களா? நான்னு தெரிஞ்சும் எப்படி நம்புனீங்க?

ஆப்பரேட்டர்: "இந்தக் குருடனால ஆஃபீசுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல"ன்னு அந்த மேனேஜர் எழுதியிருந்தானே... மறைக்கிறவங்களா இருந்தா அத என்கிட்டப் படிக்காமத் தாண்டிப் போயிருப்பாங்க. நீங்க தாண்டல. ஆனா அந்த எடத்துல மட்டும் பெரியம்மா இரும மறந்துட்டாங்க... உங்க சொந்தக் குரல்ல அழுதுட்டீங்கம்மா.