பல் டாக்டரின் மூத்தவள்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பழைய கார் சங்கத் தலைவர் அவர்களே! இந்தப் பல் ஆஸ்பத்திரியில் மேடைக்கு இடமில்லாததால் எக்ஸ்ரே இயந்திரத்தை ஓரம் தள்ளிவிட்டு அங்கே நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! ஒரு காலத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அதே நாற்காலிகளில் இன்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் நோயாளிகளே! முதல் வரிசையில் இருந்து என்னை முறைக்கும் என் அக்கா அவர்களே! வணக்கம்.

மறைந்த பல் மருத்துவர், கடைவாய்க் காவலர், ஈறு காத்த இமயம், என் அருமை அத்தானைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்கள். கீழே வாசலில் நிற்கும் சாம்பல் நிற மோரிஸ் மைனர் காரை விட்டுவிட்டு அவரைப் பற்றி மட்டும் பேச முடியுமா? முடியவே முடியாது! எனவே இருவர் கதையையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். இதை நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள். அந்த உறுதியை மட்டும் இந்தச் சபையில் மனதார அளிக்கிறேன்.

அந்த வண்டி பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில். கப்பலில் வந்தது. நடுக்கடலில் கப்பலின் எஞ்சின் நின்றுபோக, இந்த வண்டியின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டித்தான் கரை சேர்த்தார்கள் என்பது என் ஆராய்ச்சி முடிவு. இரண்டு கை மாறி ஒரு போட்டோக்காரரிடம் வந்தது. நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. வலி என்றால் என்ன வலி! காரைக் கீழே நிறுத்தவும் பொறுமையில்லாமல், மாடிப்படி வழியாகவே ஓட்டி வந்து, இதோ இந்த மேஜைக்கு முன்னால் பிரேக் போட்டார். அத்தான் பல்லைப் பிடுங்கினார். வலி போன ஆனந்தத்தில் மனிதர் காரை மறந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்!

தலைவர் குறுக்கிடுகிறார். "படிக்கட்டு அகலமே மூணடிதாங்க" என்கிறார். ஐயா, அன்றைக்குக் கார் ஒல்லியாக இருந்தது. வயதானால் யாருக்குத்தான் இடுப்பு பெருக்காது?

வண்டி வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் என் அக்கா இந்த வீட்டுக்கு வந்தார். அதனால் வண்டிக்குப் பெயர் மூத்தவள். அக்கா வைத்த பெயர்தான். கல்யாணமாகி வந்த அன்றே கேட்டாராம்: "தனிக்குடித்தனம்னு சொன்னீங்க, வாசல்லயே ஒருத்தி நிக்கிறாளே?" தனக்கென்று ஒரு சின்னக் காரைப் பிறகு வாங்கிக்கொண்டாரே தவிர, நாற்பத்துநான்கு வருடங்களில் ஒரு நாள்கூட மூத்தவளின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. "சக்களத்தி மடியில நான் எதுக்குடா உக்காரணும்?" என்பார்.

அன்பர்களே! அத்தான் அந்த வண்டியை எதற்காக வைத்திருந்தார்? ஊர் பார்க்க உலா போகவா? கண்காட்சியில் துடைத்து நிறுத்திப் பரிசு வாங்கவா? இல்லை! வீடு கீழே, ஆஸ்பத்திரி மேலே, நடுவில் இருபத்தொன்பது படிகள். முட்டி தேய்ந்தவர்கள் எப்படி ஏறுவார்கள்? படுக்கையில் கிடப்பவர்கள் எப்படி வருவார்கள்? அத்தான் தன் பழைய பல் நாற்காலியின் தலைதாங்கியைக் கழற்றினார். காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போல்ட் போட்டு முடுக்கினார். ஜன்னல் கைப்பிடியில், துப்புவதற்கு ஓர் எனாமல் குவளையைத் தொங்கவிட்டார். முடிந்தது, ஆஸ்பத்திரி சக்கரம் கட்டிக்கொண்டது! வியாழக்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பும். முதியோர் இல்லத்து வாசலில் போய் நிற்கும். ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக வந்து, முன்சீட்டில் சாய்ந்து, வாயைத் திறப்பார்கள்.

அந்தக் காலத்து வண்டியில் திரும்பும்போது மினுக்கும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சு நிறக் குட்டிக் கை மடங்கிக் கிடக்கும். சுவிட்சைத் திருப்பினால் வெளியே நீளும். பல் டாக்டர்கள் எல்லோரும் "வலிச்சா கையத் தூக்குங்க" என்பார்கள். கையைத் தூக்கவே வலுவில்லாதவர் என்ன செய்வார்? அத்தான் ஒரு வயரை இழுத்து, அவர் விரலுக்கடியில் ஒரு பொத்தானை வைத்தார். வலித்தால் அமுக்குங்கள், உங்களுக்காகக் கார் கையைத் தூக்கும்! ஒருமுறை ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் விடாமல் அமுக்க, பின்னால் வந்த பதினேழு பஸ்கள் அந்தக் கையை நம்பித் திரும்பிப் போய், மூன்று நாள் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தன.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். இதில் மசாலா எதுவும் சேர்க்கமாட்டேன்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. அத்தானுக்குக் காய்ச்சல், ஆனாலும் கிளம்பி நின்றார். சார்ஜ் ஏற்றி வந்த பேட்டரியை நானே மாட்டுகிறேன் என்று முந்திக்கொண்டேன். இன்றைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையைத்தான் வண்டியின் உடம்போடு இணைப்பார்கள். மூத்தவளுக்குத் தலைகீழ், ப்ளஸ்தான் உடம்புக்குப் போக வேண்டும். எனக்குத் தெரியாததா என்ற திமிரில் மைனஸை மாட்டினேன். புகை! வயர் கருகியது, டைனமோ படுத்தது. அன்று முதியோர் இல்லத்து வாசலில் ஒரு தையல்காரர் பல் செட்டுக்காக மாலை வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் பேத்திக்குக் கல்யாணம். கல்யாணப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார்.

அத்தான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. செயற்கை ஈறு செய்யும் இளஞ்சிவப்புக் கலவையைக் குழைத்து, பேட்டரி மூடியில் எழுதிக் காயவைத்தார்: 'மச்சான், ப்ளஸ் உடம்புக்கு.' அதன் பிறகு என்னை வண்டிப் பக்கமே விடவில்லை.

அப்படிப்பட்ட அத்தான் போய் ஒன்பது நாள் ஆகிறது. இதற்குள் ஒரு ஹோட்டல் முதலாளி வந்தார். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார், நல்ல மனிதர். எஞ்சினை எடுத்துவிட்டு, வண்டியை ஹோட்டல் வரவேற்பறையில் நிறுத்தி, உள்ளே செடி வளர்க்கப் போவதாகச் சொன்னார். அக்கா சரி என்றார். நான் குதித்தேன். "ஓட்ட ஆளில்லாம அது வாசல்ல நின்னா, அவர் உள்ள உக்காந்திருக்கிற மாதிரியே இருக்குடா. என்னால முடியல" என்றார். ஆனால் அத்தான் அளவெடுத்த பதினோரு பல் செட்டுகள் இதே அலமாரியில் தயாராக இருக்கின்றன! நாளை மறுநாள் வியாழக்கிழமை! பதினோரு பேர் மென்று சாப்பிட வழியின்றிக் காத்திருக்கிறார்கள்! சின்னக் காரில் போகலாம் என்றால், அதில் தலைதாங்கியை மாட்ட இடமில்லை. நாங்கள் மாட்டிப் பார்த்துவிட்டோம்.

இன்று காலை ஏழு மணிக்கு வண்டியை ஏற்றிப்போக லாரி வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? லாரிக்கு முன்னால் மலைபோல் நின்றேன்! வண்டியின் முன்னால் செருகி எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலை இடது கைச் சுண்டுவிரலால் ஒரே ஒரு சுற்று! எஞ்சின் கர்ஜித்தது! லாரி டிரைவர் குதித்து இறங்கி எனக்கு சல்யூட் அடித்தார்!

அக்கா செருமுகிறார். சரி அக்கா. நடந்தபடியே சொல்கிறேன்.

"ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கறேன்க்கா" என்றேன். "பண்ணு. ஓடலைன்னா லாரியில ஏத்திடணும். அப்புறம் பேச்சே கூடாது" என்று சமையலறை ஜன்னலில் இருந்து சொன்னார். பேட்டரியைக் கையில் எடுத்தேன்.

"டேய், மூடியப் படிச்சியா?"

"படிச்சேன்க்கா."

"சத்தமாப் படி."

"மச்சான், ப்ளஸ் உடம்புக்கு" என்று படித்தேன்.

ப்ளஸை உடம்பில் மாட்டினேன். புகை வரவில்லை! நான் டிரைவர் சீட்டில் உட்கார, அக்காவின் மகள், இந்த ஆஸ்பத்திரியின் இளைய டாக்டர், முன்னால் ஹேண்டிலைச் சுற்றினாள். எட்டுத் தடவை. ஒன்றும் நடக்கவில்லை. "மாமா, எனக்குத் தோள் கழண்டா யாரு பல்லு பிடுங்கறது?" என்றாள். லாரி டிரைவர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அப்போது அக்கா வாசலுக்கு வந்தார்.

"எந்திரிடா."

எழுந்தேன். அக்கா உட்கார்ந்தார்.

"சோக்கை முழுசா இழுத்து வச்சிருக்கே. பாதி போதும். பெட்ரோல் பம்ப் டிக்டிக்னு அடிக்குதா, அது நிக்கட்டும். இப்ப சுத்தும்மா."

ஒரே சுற்று. பிடித்துக்கொண்டது!

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நாப்பத்துநாலு வருஷம் சமையலறை ஜன்னலுக்கு வெளியவே நின்னு கத்தினா, கேக்காம என்னடா பண்றது?"

அக்கா இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்தபடியே இருந்தார். பிறகு லாரியோடு வந்திருந்த ஹோட்டல்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, வியாழக்கிழமை பதினோரு பேருக்குப் பல்லு மாட்டணும். உங்க செடிக்கு வேற தொட்டி பாருங்க."

ஆகவே, பெரியோர்களே, இந்தச் சபையின் முன்னால் உறுதி எடுத்துக்கொள்கிறோம். வண்டியை அக்கா ஓட்டுவார். பல்லை மகள் மாட்டுவாள். பிரேக்கையும் டயரையும் மாதத்துக்கு ஒருவராகச் சங்கத்துக்காரர்கள் பார்ப்பார்கள். தலைவர் இப்போது தலையாட்டினால் பேச்சு மாறக் கூடாது. பையைத் தூக்குவது, குவளையைக் கழுவுவது, பெரியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வருவது எல்லாம் என் வேலை. அத்தானுக்கு அஞ்சலி என்று நாம் எழுந்து நிற்பது ஒரு நிமிடம்தான். வேலை, இனி வரும் எல்லா வியாழக்கிழமையும்!

நான் இதுவரை சொன்னதில் எதை நம்புவது என்று நீங்கள் குழம்புவது தெரிகிறது. பெரும்பாலானதை நம்ப வேண்டாம். எஞ்சின் ஓடியது என்ற சின்ன விஷயம் மட்டும் உண்மை. வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வாசலுக்கு வந்து காதால் கேட்டுக்கொள்ளுங்கள்.