சூடு, ஈசனோபீலியா, அலர்ஜி

விருதுநகர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள், பட்டாசுக் கம்பெனியில் பொடி சலிப்பவர்கள். நெஞ்சில் படிந்த தூசியை இறக்கிவிடும் என்று ஆளுக்கொரு வாழைப்பழம் உரித்தார்கள். மூத்தவள் இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்:

“எங்க மாமியா இருமுனப்ப உடம்புச் சூடுன்னாக. மதினி இருமுனப்ப ஈசனோபீலியான்னாக. எனக்கு இன்னைக்கு டாக்டரு அலர்ஜின்னு எழுதிட்டாரு.”

“எதுனால வந்துச்சாம்?” என்றாள் இளையவள்.

“வீட்டுல பூனை இருக்கான்னு கேட்டாரு. ஆமான்னேன். அதுதான் காரணம்னாரு.”

“நீங்க மூணு பேரும் ஒரே ரூம்புல, ஒரே சல்லடையிலதான சலிச்சீக? அதை டாக்டர்ட்ட சொல்லலையாக்கா?”

மூத்தவள் பழத்தைத் தின்று முடித்துத் தோலை ஜன்னல் வழியே எறிந்தாள்.

“சொன்னா வேலையை விடும்பாரு. பூனைன்னா விரட்டிரலாம்ல?”