தென்னைக்குள்ளால போன ரவை

இல்ல சேர், பகிடிக்குச் செல்லல்ல. நீங்க குடுக்கப்போற துவக்குல, சின்ன ரவை போடுறதுக்குத்தான் எண்ட பேரப் போடுங்க. மத்த எட்டுப் பேரும் பெருசுதான் வேணும் எண்டாங்களா? ஓம், வெளியில நிண்டு சிரிக்கிறதும் அவனுகள்தான். எனக்கு, இந்த றஸாக் காக்காக்கு, வயசு பெய்த்து, துவக்குத் தூக்க ஏலாதாம்.

பாரமும் ஒரு கதைதான். பெருசு நூறு தூக்கிறவன் சின்னதுல எரநூறு தூக்குவான் எண்டு நீங்களே செல்றீங்க. எனக்கு அது இல்ல சேர். பொடியனுகள் என்ன செல்றானுகள்? இறக்காமத்துல ஊர்காவலுக்கு நிக்கிற நமக்குத் துவக்கோட இயக்கமும் வரும், காட்டால ஆனையும் வரும், சின்ன ரவை ஆனைக்கு நுளம்புக்கடி எண்டு. செரிதான். பட்டாளம் முழுக்க மாத்துறதா வேணாமா எண்டு கொழும்புல பெரிய ஆக்கள் கதைக்கட்டும். எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். பெரிய ரவை நிக்காது. தென்னமரத்துக்குள்ளால போகும். பொறகு மண் செவருக்குள்ளாலயும் போகும்.

எப்பிடித் தெரியும் எண்டா, பாத்தது சேர்.

அந்தா தெரியிது பாருங்க ஒத்தத் தென்ன, அதுக்குப் பின்னால ஒரு வாடி, வயல் காக்கிற மண் குடிசை. காரைதீவுக் கந்தப்போடி அண்ணன்ட. பத்து வருசமா எங்கட வயல் வரவையும் அவர்ட வரவையும் ஒரே வாய்க்கால்ல தண்ணி குடிக்கிது. தொண்ணூத்தாறு நோன்பு, கதிர் முத்தின நேரம், அவரும் பொஞ்சாதி அன்னப்பிள்ளை அக்காவும் வாடியிலதான் காவல். நாங்க நோன்பு தொறக்க எண்டு அந்த மனிசி நாளாந்தம் இளனி சீவி அனுப்பும்.

அண்டைக்கும் நோன்பு தொறக்கிற மஃரிபுக்குக் கொஞ்ச நேரம் கெடக்கு. மத்தவனுகள் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்க வாய்க்காலுக்குப் பெய்த்தானுகள். சென்றிக் காவல்ல ஒரு ஆள்தான். டமார் எண்டு ஒரு சத்தம். வரம்போரத்துப் பத்தை ஆடுது. அந்தக் கெழமதான் பக்கத்து ஊர்ல இயக்கம் வந்து ஆக்கள வெட்டினது, அந்தப் பயம். துவக்கால ரெண்டு வெடி வெச்சாச்சு.

ஆனை சேர். பத்தைய ஆட்டினது ஆனை. சத்தம், கந்தப்போடி அண்ணன் அதக் கலைக்கப் போட்ட ஆனவெடிப் பட்டாசு. நாளைக்கு நாலு தரம் கேக்கிற சத்தம்தான். அண்டைக்கு மட்டும் காது வேற மாதிரிக் கேட்டிச்சு.

வாடிக்குள்ள அக்கா கத்தியக் கையில வெச்சபடி சாஞ்சு கெடந்தாங்க. சீவின இளனி நாலு, சீவாதது ஒண்டு. தென்னையிலயும் செவத்துலயும் எண்ட சுண்டுவெரல் போற ஓட்ட.

ஆரு சுட்டதெண்டு பொலிஸும் கேட்டிச்சு. காட்டுக்குள்ள இருந்து வந்த வெடி எண்டு முடிச்சிட்டாங்க. கந்தப்போடி அண்ணன் எண்ட கையப் புடிச்சிக் கேட்டார், றஸாக் காக்கா, நீங்க சென்றியில நிண்டீங்களே, ஆரெண்டு கண்டீங்களா எண்டு. காணல்ல எண்டு செல்லிட்டன்.

பொறகு வந்த நோன்புக்கெல்லாம் அவர் தன்ட கையாலேயே இளனி சீவி அனுப்புறார். நான் அதக் குடிச்சித்தான் நோன்பு தொறக்கிறன்.

இந்தாங்க, இதப் புடிங்க. வாடிக்குள்ள நெல்லு மூட்டையில இருந்து நான் தோண்டி எடுத்தது. ரெண்டு வருசமா சட்டப் பைக்குள்ள கெடக்கு. ஒங்கட அளவுக் கருவியில வெச்சிப் பாருங்க சேர், பெருசுதான். எண்ட துவக்குல இருந்துதான் போனது.