நான்கு பெட்டிக்கும் பூச்சியம்

காலை 7.20. கல்லடிப் பாலத்தில் ஊர்ந்த பேருந்தில், மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்த இளைஞன் பக்கத்திலிருந்த நண்பனிடம் சொன்னான்:

"நாலும் உசிரோடதான் இருக்கு மச்சான். தலைமைக்குத்தான் ஆளில்ல."

"எதுடா?"

"நான் வேலை செய்யிற கந்தோர் ரவுட்டர்ப் பெட்டியள். ஒரே இணைப்பில நாலு நிக்குது. தங்களுக்குள்ள ஒண்டைத் தலைவராத் தெரிஞ்செடுத்து, அதுக்கிட்டத்தான் பாதை விவரமெல்லாம் குடுக்கும். நாங்க ஒவ்வொண்டுக்கும் ஒரு இலக்கம் குடுப்பம், கூடின இலக்கம் வெல்லும். புதுசுக்குத்தான் கூட்டி வச்சனான்."

"பிறகென்ன?"

"கரண்ட் போய் வந்தா பழசு முந்தி எழும்பித் தலைவராகிடும். பிறகு எந்தப் பெரிசு வந்தாலும் விடாது."

"எங்கட சங்கத் தலைவர் மாதிரி."

"சிரிக்காத. பூச்சியம் போட்டா அது போட்டியில நிக்காது. விடிய வீட்டில இருந்து பழசுக்குப் போடப் போய், அதே வரியை நாலுக்கும் போட்டுட்டன். கந்தோர் முழுக்க இணைப்பில்ல. இஞ்சயிருந்து உள்ளுக்குப் போகவும் ஏலாது."

"நேர போய் மாத்தன். ரெண்டு நிமிச வேலை."

"அந்த அறை பூட்டிக் கிடக்கு, திறப்பு மேலதிகாரி சேரிட்ட. என்னை நிரந்தரமாக்கிறதா எண்டு அவர் இண்டைக்குத்தான் எழுதப்போறார்."

"எழும்புடா, புளியந்தீவு வந்துட்டு. உன்ர கந்தோரும் இஞ்சதானே."

நண்பன் மட்டும் இறங்கினான்.