மாதுளைத் தோலும் முட்டி வலியும்

— அதாவது, நாளைக்குக் காலேஜ் கருத்தரங்குல நான் பேசிட்டுக் கை காட்டினதும் நீ எழுந்து வரணும். கம்பியைப் பிடிக்காம மேடைப் படி ஏறணும். 'பேராசிரியர் தந்த மாதுளைத் தோல் பொடியே என் முட்டி வலியைப் போக்கியது' – ஒரே வரி. கூட்டம் ஆடிப் போயிடும்.

— கட்டின புருஷனைப் பேராசிரியர்னு சொல்லணுமா? நான் கீழயே உட்காந்து கைதட்டறேனே, போதாதா?

— போதாது. காலேஜ்ல எனக்குத் தோல் வாத்தியார்னு பேர் வச்ச அத்தனை பேரும் நாளைக்கு முன்வரிசையில இருப்பாங்க. அதாவது, உடம்பை உள்ளேர்ந்து துருப்பிடிக்க வைக்கிறதைத் தடுக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட், நாம குப்பையில கொட்டற தோல்ல இருக்கு. சோதனைக் குழாயில தோல் சாறை விட்டதும் ஊதா நிறம் மஞ்சளா மாறினதை என் கண்ணால பாத்தேன்.

— மாறலைன்னு யாரு சொன்னா? ஆனா குழாய்க்கு ஏதுங்க முட்டி?

— அதுக்குத்தானே நீ இருக்கே. மூணு மாசமா தினம் ஒரு டம்ளர் கரைச்சுத் தரேன்.

— கோவிச்சுக்காதீங்க. முதல் நாள் ஒரு வாய் குடிச்சேன், நாக்கு மரக்கட்டையாயிடுச்சு. மறுநாள்லேர்ந்து ஜன்னலோரத் தொட்டிக்குத்தான் போகுது.

— ரோஜாவுக்கா?

— பாவம், அது பூக்கறதையே விட்டுடுச்சு.

— விளையாடாதே. நேத்து மாடிப்படியைத் தடதடன்னு ஏறினியே. அப்ப வலி எங்க போச்சு?

— நான் உரிச்சா தோல்ல முத்து ஒட்டிக்குதுன்னு கத்தியைப் பிடுங்கினது யாருங்க? நீங்களே உரிச்சீங்க, கழுவினீங்க, காய வச்சீங்க, அரைச்சீங்க. ஆராய்ச்சி நடக்கற இடத்துல கால் வைக்காதேன்னு என்னை அடுப்படிக்குள்ளயே விடலை. பசிச்சதும் சமையலையும் நீங்களே பாத்தீங்க, அப்புறம் பாத்திரத்தையும். மூணு மாசமும் நான் கூடத்துல காலை நீட்டி உட்காந்திருந்தேன். கல்யாணமாகி முதல் தடவையா.

— இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?

— சொல்லியிருந்தா கத்தி என் கைக்கே திரும்பி வந்திருக்குமே.

— சரி, நாளைக்கு நான் என்னதான் பேசறது?

— குழாயில பாத்ததைப் பேசுங்க, அது நிஜம். முன்வரிசையில எவனாவது சிரிச்சான்னா நான் திரும்பி ஒரு பார்வை பாத்துக்கறேன்.

— உன் முட்டி?

— அதை விட்டுடுங்க. ஒண்ணு மட்டும். ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சுன்னு மேடையில அறிவிச்சுடாதீங்க.