தளிர்ச் சோளத்தில் இறங்கிய மாடுகள்

பெயரும் கதவு எண்ணும் புகார் மனுவில் எதிர்மனுதாரரின் மனைவி என்று குறித்துள்ளபடியே. வயது முப்பத்தெட்டு. தொழில் கறவை மாடு வளர்ப்பு. காவல் நிலையத்தின் உள்ளறையில் அமர்ந்து, கேட்ட கேள்விகளுக்கு நானே என் வாயால் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டதாவது:

நான் மேற்படி முகவரியில் என் கணவரோடு குடியிருந்து வருகிறேன். பக்கத்து வீட்டில் என் கணவரின் அண்ணனும், அதாவது என் மூத்தாரும், அவர் மனைவியும் இருக்கிறார்கள். மூத்தார் மனைவி எனக்கு ஓரகத்தி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவது வழக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் உண்டு. பாகம் பிரித்தபோது மேய்ச்சல் நிலமும் சரிபாதியாகப் பிரிந்தது. ஆனால் புல் சரிபாதியாக வளரவில்லை. நாங்கள் எங்கள் பாதியைத் தடுப்பு தடுப்பாக அடைத்து, ஒன்றில் மாட்டை மேயவிட்டால் மற்றதை ஆறப்போட்டுவிடுவோம். மழை விழுந்த கையோடு மாட்டை இறக்காமல் புல் வேரூன்றி நிமிரும்வரை பொறுப்போம். மூத்தாருக்குப் பொறுமை கிடையாது. அவர் பச்சையைக் கண்டால் மாட்டை அவிழ்த்துவிடுவார். அதனால் மழைக்காலம் முடிவதற்குள் அவர் பாதி மொட்டையாகிவிடும், கோடையில் அவருடைய மூன்று மாடுகளும் மண்ணை முகர்ந்துகொண்டு நிற்கும். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், வந்தாலும் இதுதான் உண்மை.

இந்தக் கோடையில் அந்த மாடுகளின் விலா எலும்பைப் பார்க்கச் சகிக்காமல், எங்கள் தீவனச் சோளத்தை அறுத்துக் காயவைத்த தட்டையைக் கட்டுக் கட்டாகச் சுவருக்கு மேலே அக்காவிடம் கொடுத்து வந்தேன். இது என் கணவருக்கும் தெரியாது, மூத்தாருக்கும் தெரியாது. அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். சண்டை அவர்களுக்குள்ளே, மாட்டுக்கு என்ன பாகப்பிரிவினை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதன் பிறகு சென்ற வாரம் மழை பெய்தது. வெயிலில் காய்ந்து கிடந்த சோளக் கட்டைகள் மழை பட்டதும் துளிர்த்து, முழங்காலுக்கும் கீழே தளதளவென்று நின்றன. வாடிக் கிடந்து துளிர்க்கும் சோளத்தின் தளிரில் விஷம் இருக்கும். அது வளர்ந்து கதிர் பிடிக்கும்போது விஷம் இறங்கிவிடும். அறுத்து நன்றாகக் காயவைத்த தட்டையிலும் அவ்வளவு பயமில்லை. அதனால் என் கணவர் அந்தத் தடுப்பின் படலைச் சாத்திக் கயிற்றால் கட்டிவைத்தார்.

அதன் பிறகு பால் ஊற்றும் இடத்தில் பலர் முன்னிலையில் மூத்தார் என் கணவரை வழிமறித்து, தன் மாடுகள் பட்டினி கிடக்கத் தம்பி பச்சையைப் பூட்டிவைத்து அழகு பார்ப்பதாகச் சொன்னார். அதற்கு என் கணவர், "அந்தச் சோளத்துல வாய் வச்சா மாடு செத்துரும்ணே. இன்னும் ஒரு மாசம் போகட்டும், நானே அறுத்துத் தர்றேன்" என்று சொன்னார். நான் பால் கேனோடு பக்கத்தில் நின்றேன். மூத்தார் கொடுத்த புகாரில் இதன் முதல் வரியை மட்டும் எழுதி, கொலைமிரட்டல் என்று போட்டிருக்கிறார்கள். அறுத்துத் தருகிறேன் என்றதை விட்டுவிட்டார்கள். அன்று மூத்தார், தம்பி புல்லைக் காப்பாற்றப் பூச்சாண்டி காட்டுவதாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு நேற்றுக் காலை என் கணவர் தவிடு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் கேன் கழுவிக்கொண்டிருந்தபோது அக்காவின் அலறல் கேட்டு ஓடினேன். சோளத் தடுப்பின் படல் திறந்து கிடந்தது. மூத்தாரின் சினை மாடு விழுந்து, வாயில் நுரை தள்ளக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அடுத்தது நின்றபடியே வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. மூன்றாவது ஒன்றும் அறியாமல் தின்றுகொண்டிருந்தது. அதை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, கால்நடை டாக்டருக்கு போன் செய்தேன்.

டாக்டர் வருமுன்பே சினை மாடு அடங்கிவிட்டது. அடுத்தது ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. மூன்றாவது பிழைத்தது. டாக்டர் பார்த்தவுடனே தளிர்ச் சோளம் என்று சொல்லி, இரைப்பையில் இருந்ததைச் சோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

டாக்டர் வருவதற்கு முன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோடை பூரா இதே சோளத்தத்தானேடி தின்னுச்சு. காஞ்சது ஆகும், பச்சை ஆகாதா?" என்று கேட்டார். தட்டை கொடுத்த நான், அது ஏன் ஆகும் இது ஏன் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. படலை அவிழ்த்தது தான்தான் என்று தெரிந்தால் மூத்தார் தன்னை உயிரோடு விடமாட்டார் என்று அக்கா என் காலைத் தொடக் குனிந்தார். மூத்தாரின் கை எப்படிப்பட்டது என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்வதில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு மூத்தார் வந்து படலைத் திறந்தது யார் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் தவிட்டு மூட்டையோடு என் கணவர் வந்து சேர்ந்தார். தம்பிதான் தீவனத்தில் மருந்தடித்து, வேண்டுமென்றே படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டான் என்று மூத்தார் சட்டையைப் பிடித்தார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, மூத்தார் புகார் கொடுக்க, மாலையில் போலீசார் என் கணவரை நிலையத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். வண்டியில் ஏறும்போது அவர் என்னிடம் படல் எப்படித் திறந்தது என்று மட்டும் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவரிடம் அப்படி நின்றதில்லை.

இன்று காலை சுவரருகே அக்காவைக் கூப்பிட்டு, நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று சொன்னேன். அக்கா உள்ளே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. அப்படியே கிளம்பி வந்து, படலைத் திறந்து மாடுகளை உள்ளே விட்டது என் கணவர் அல்ல, என் ஓரகத்தி என்று இப்போது சொல்கிறேன்.

இதை எழுத்தர் எழுதிக்கொண்டிருக்கும்போது மேற்படி ஓரகத்தி தாமாகவே அறை வாசலில் வந்து நின்றார். பின்னால் வராந்தாவில் மூத்தார் உட்கார்ந்திருந்தார். அதிகாரி கதவைச் சாத்தச் சொன்னதற்கு அக்கா, "சாத்த வேணாம் சார். படலை அவுத்தது நான்தான். அவரு காதுலயும் விழட்டும்" என்று சொன்னார். வராந்தாவில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையிலிருந்த பையில் மாற்றுப் புடவை ஒன்று இருந்தது. என் கணவரை விடுவித்ததும் அக்காவும் சேர்ந்து மூன்று பேருமாக எங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்பதையும், அதற்கு இடையூறு வராமல் நிலையம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேலே உள்ளது நான் கண்டதும் கேட்டதும் செய்ததும். நேற்று மறைத்ததை இன்று மறைக்கவில்லை. படித்துச் சொல்லக் கேட்டுச் சரி என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வாக்குமூலம் கொடுத்தவர்

(ஒப்பம்) உடனிருந்து கேட்டு, உண்மை என்று ஒப்புக்கொண்டவர்: மேற்படியாரின் ஓரகத்தி