பி.டி.ஓ.வுக்குப் போடாத ஓட்டு

கமுதியிலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு மிளகாய் விவசாயிகள்.

"நம்ம பி.டி.ஓ. தங்கமான மனுசன் மாப்ள. அதான் எம்.பி. எலெக்சன்ல அவருக்கு நான் ஓட்டுப் போடலை."

அதற்குமேல் நான் பேப்பர் படிக்கவில்லை.

"என்ன மச்சான் சொல்றீக?"

"ஊரணியத் தூர்வாரினாரு, தெருக்குழாய்ல தண்ணி வர வச்சாரு. அவரு டெல்லிக்குப் போயிட்டா நமக்கு யாரு இருக்கா? தோத்தா ஆபீசுக்கே திரும்பி வந்துருவாருன்னு ஊரே பேசிவச்சு வேற ஆளுக்குப் போட்டோம்."

"வேலைய ராஜினாமா பண்ணிட்டுத்தான மச்சான் எலெக்சன்ல நிக்க முடியும்?"

"அது அப்பறந்தான தெரிஞ்சுச்சு."

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"தோத்துப் போயும் நேத்து ஊருக்கு வந்திருந்தாரு. வீடு வீடா வந்து, ஓட்டுப் போட்டதுக்கு நன்றின்னு கும்பிட்டாரு."

"நீங்க என்ன செஞ்சீக?"

"நானும் கும்பிட்டேன்."